ஆலைக்கு அபராதம், சாக்கடைக்கு அவகாசம்

தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பாலாற்று மணலிலும் முட்டுக்காடு முகத்துவாரத்திலும் அந்தச் சட்டம் என்ன செய்தது, எங்கே கைகட்டி நின்றது?

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் உள்ள தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் தலா 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். அக்டோபர் 31-க்குள் கலெக்டர் அலுவலகத்தில் பணம் போய்ச் சேர வேண்டும். மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயரைச் சூட்டியிருந்த காலம் அது. வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி என்று போகிற அந்தப் பட்டியலில் கடைசியாக நிற்கிற பெயர் செங்கை எம்.ஜி.ஆர். இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்றும் அன்று அந்த ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன.

'வேலூர் வழக்கு' என்று சட்டக் கல்லூரிகளில் பாடமாகிவிட்ட தீர்ப்பு இது. பேச்சு வந்தால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று மேற்கே கைகாட்டுவதுதான் நம் வழக்கம். செங்கல்பட்டு இந்த வழக்கில் இரண்டு பக்கமும் நின்றது என்பது பலருக்கு நினைவில்லை. பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் ஆலைகளால் அது குற்றம்சாட்டப்பட்ட மாவட்டம். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த குரோம் தோல் தொழிற்சாலையால் கிடைத்தது. மறுபக்கம், மேலே வேலூரில் கலந்த கழிவு கீழே வந்து சேர்கிற பாலாற்றின் கடைமடையும் இதே மாவட்டம்தான்.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, ஏறக்குறைய 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது பாலாறு. இதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மாமண்டூர் பாலத்தைக் கடக்கிற பயணி மணலைத்தான் பார்ப்பார். ஆனால் ஆறு அந்த மணலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து செங்கல்பட்டும், தாம்பரமும், பல்லாவரமும், கல்பாக்கம் அணுசக்தி வளாகமும் தண்ணீர் எடுத்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற ஆறு என்றால் நாற்றமோ நுரையோ காட்டிக்கொடுத்துவிடும். மணலுக்கு அடியில் போகிற உப்பையும் குரோமியத்தையும் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

ஐந்நூறு ரூபாயில் தொடங்கிய கதை

தண்ணீரைக் கெடுப்பது குற்றம் என்பது 1974-இல் திடீரென்று உதித்த எண்ணமல்ல. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 277-ஆவது பிரிவிலேயே பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ அசுத்தம் செய்தால் மூன்று மாதம் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் என்று எழுதிவைத்தது. அன்றைய 500 ரூபாய் பெரிய தொகை. அதே 500 ரூபாய் 2024 வரை ஒரு பைசா மாறாமல் புத்தகத்தில் கிடந்ததுதான் வேடிக்கை. இப்போது வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 279-ஆவது பிரிவு அதை ஆறு மாதமாகவும் 5,000 ரூபாயாகவும் உயர்த்தியிருக்கிறது.

இடையில் 1882-இன் வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தருகே ஓடும் நீர் கெடாமல் வரவேண்டும் என்ற உரிமையைக் குடியானவருக்குத் தந்தது. 1897-இன் மீன்வளச் சட்டம் நீரில் விஷம் கலந்து மீன் பிடிப்பதைத் தடுத்தது. 1939-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அந்த வகையில் முதலாவது; காலரா பயம் கைப்பிடித்து எழுதவைத்த சட்டம் அது. விடுதலைக்குப் பின் ஒடிசா 1953-லும், மகாராஷ்டிரம் 1969-லும் தங்களுக்கென்று தனிச்சட்டம் போட்டுக்கொண்டன.

தேசியச் சட்டத்தின் பிறப்பைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு கதை உலவுகிறது. 1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது, இந்திரா காந்தி போய்ப் பேசினார், திரும்பி வந்து சட்டம் போட்டார் என்பது அந்தக் கதை. பாதிதான் உண்மை. மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கான வரைவு எழுத 1962-லேயே குழு அமைத்துவிட்டது. அந்தக் குழுவின் அறிக்கையை முதலில் விவாதித்தது உள்ளாட்சித் துறை அமைச்சர்கள் கூடும் மத்திய மன்றம். மசோதா 1969 டிசம்பரில் மாநிலங்களவைக்கு வந்தது. ஸ்டாக்ஹோம் அதற்கு வேகம் கொடுத்திருக்கலாம். விதை போட்டது நகரங்களின் சாக்கடை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரத் துறையும் உள்ளாட்சித் துறையும் பெற்ற பிள்ளை இந்தச் சட்டம். வீட்டுக் கழிவுநீர், ஆலைக் கழிவுநீர் இரண்டையும் ஒருசேரச் சொல்லித்தான் பிறந்தது.

பிறப்பில் ஒரு சிக்கலும் இருந்தது. அரசியலமைப்பின்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனம். நாடாளுமன்றம் நேரே கைவைக்க முடியாது. எனவே 252-ஆவது பிரிவு என்ற பக்கவாசல் திறக்கப்பட்டது. இரண்டோ அதற்கு மேலோ மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால், நாடாளுமன்றம் அவற்றுக்காகச் சட்டம் செய்யலாம். மற்ற மாநிலங்கள் பிறகு தீர்மானம் போட்டுச் சேர்ந்துகொள்ளலாம். சேர்ந்த மாநிலம் அதன்பின் தானாக அந்தச் சட்டத்தைத் திருத்த முடியாது. இப்படிக் கேட்டு வந்த மாநிலங்கள் 12. கேரளமும் கர்நாடகமும் அதில் உண்டு. தமிழ்நாடு இல்லை.

1974 மார்ச் 23-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதைச் செயல்படுத்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரி 27-இல். எட்டு ஆண்டுகள் என்பது ஆற்றுக்கு நீண்ட காலம் அல்ல என்று நினைக்கலாம். பாலாற்றைப் பொறுத்தவரை அந்த எட்டு ஆண்டுகள்தான் கெட்ட காலம்.

ஏனென்றால் அதே 1970-களின் தொடக்கத்தில் தில்லியில் இன்னொரு அறையில் இன்னொரு குழு உட்கார்ந்திருந்தது. பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக முடித்த தோலையும் தோல்பொருள்களையும் விற்றால் அந்நியச் செலாவணி பெருகும் என்று சீதாராமையா குழு 1972-இல் பரிந்துரைத்தது. அரசு ஏற்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டுவந்த ஊர்கள் குரோமியத்துக்கு வேகமாக மாறின. ஆவாரம்பட்டைக் கழிவும் நாறும். ஆனால் மண்ணில் காலப்போக்கில் மக்கும். குரோமிய உப்பு அப்படியல்ல. குரோம் முறையில் ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் புழங்குவதாக 1996 தீர்ப்பே குறிப்பிடுகிறது. ஒரு கை தண்ணீரைக் காக்கச் சட்டம் எழுதியபோது மறுகை தண்ணீரைக் கெடுக்கும் தொழிலுக்கு ஊக்கம் கொடுத்தது. ஆலை முதலாளிகளை மட்டும் வில்லனாக்கிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பல் முளைக்காத பதினான்கு ஆண்டுகள்

1974 சட்டத்தைப் படித்தால் கடுமையானதாகத்தான் தெரியும். 24-ஆவது பிரிவு நீர்நிலையில் விஷப்பொருளை விடுவதைத் தடை செய்கிறது. 25-ஆவது பிரிவு, வாரியத்தின் இசைவாணை இல்லாமல் கழிவுநீர் வெளியேற்றக் கூடாது என்கிறது. 'நீரோடை' என்பதற்கு அது தரும் விளக்கம் இன்னும் விரிவானது: ஆறு, வாய்க்கால், நிலத்தடி நீர், அரசு அறிவிக்கும் எல்லை வரை கடலும்கூட அதில் அடக்கம். மணலுக்கு அடியில் ஓடும் பாலாறும் மாமல்லபுரத்துக் கடலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

நடைமுறைதான் ஓட்டை. இசைவாணைக்கு விண்ணப்பம் போட்டு நான்கு மாதத்துக்குள் வாரியம் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லாவிட்டால், நிபந்தனையே இல்லாமல் இசைவு கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் அலுவலகத்தில் ஒரு கோப்பு நான்கு மாதம் தூங்குவது அதிசயமா? மாதிரி எடுக்கும் முறை அதைவிடச் சங்கடம். ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் கேட்டால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். இதில் ஒரு படி பிசகினாலும் ஆய்வறிக்கை நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. குற்றம்சாட்டப்பட்டவருக்குப் பாதுகாப்பு வேண்டும்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நள்ளிரவில் திறந்து விடியலுக்குள் மூடப்படும் மதகுக்கு இந்த நடைமுறை எந்த மூலைக்கு?

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலையை மூடச் சொல்லும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை. நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை கேட்க வேண்டும். 1977-இல் தண்ணீர் வரிச் சட்டம் வந்தது. கிலோலிட்டருக்குப் பைசாக் கணக்கில் வசூல். அதை நினைத்து யாரும் குழாயை மூடவில்லை. ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் அந்த வரியும் போய்விட்டது.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த பிறகுதான் தில்லி விழித்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1988-இல் தண்ணீர் சட்டத்துக்குத் திருத்தம்: 33-ஏ என்ற புதிய பிரிவின்படி ஆலையை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியமே நேரடியாக உத்தரவிடலாம். பல் முளைத்தது அப்போதுதான். மறு ஆண்டு மார்ச் 30-இல் தமிழ்நாடு அரசு 213-ஆவது அரசாணையைப் போட்டு, ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில் கூடாது என்றது. நல்ல ஆணை. வந்தபோது பாலாற்றங்கரையில் ஆலைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

நீதிமன்றம் எடுத்த வேலை

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா வாதாடினார். 1987-இல் கங்கைக்கரைக் கான்பூர் தோல் ஆலைகள் வழக்கிலேயே, குறைந்தபட்சக் கூலி தர முடியாத தொழில் எப்படி நடக்கக் கூடாதோ அப்படியே கழிவைச் சுத்திகரிக்க முடியாத தோல் ஆலையும் நடக்கக் கூடாது என்று அந்த நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1996 தீர்ப்பு அதைத் தாண்டியது. ஐந்து மாவட்டங்களிலும் 900-க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள். அவற்றின் கழிவால் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டிருப்பதாக ஆய்வுகள் நீதிமன்றத்தின் முன் இருந்தன. கெடுத்தவரே செலவையும் இழப்பீட்டையும் ஏற்க வேண்டும். கெடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் அறிவியல் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும். இந்த இரண்டு கோட்பாடுகளும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமையவேண்டும் என்றும் சொன்னார். மேத்தாவுக்கு 50,000 ரூபாய் செலவுத்தொகை தரும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவானது.

ஓய்வுபெற்ற நீதிபதி பி.பாஸ்கரன் தலைமையில் இழப்பு மதிப்பீட்டு ஆணையம் அமைந்தது. 2001 மார்ச்சில் அது கணக்கைக் கொடுத்தது: பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், இழப்பீடு 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரியாக 9,000 ரூபாய்ச் சொச்சம். கிணறு உப்பாகி, நிலம் தரிசாகி, குடும்பம் பெங்களூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போனதற்கு விலை அது. அந்தப் பணமும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வழக்கு மீண்டும் உயர் நீதிமன்றம், மீண்டும் உச்ச நீதிமன்றம் என்று நடந்து, 2025 ஜனவரி 30-இல் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் அரசு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. மனுப் போட்ட ஆண்டிலிருந்து எண்ணினால் 34 ஆண்டுகள்.

இதற்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பல்லாவரம் ஆலைகளுக்கு நாகல்கேணியில் ஒன்று இயங்குகிறது. மாற்றமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது; ஆலைக் கழிவு அப்படியே வாய்க்காலில் இறங்கிய காலம் போயிற்று. ஆனால் சுத்திகரித்த பிறகும் மிஞ்சுகிற உப்பும் சேறும் எங்கே போகும்? ராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட்ஸ் ஆலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு, மழைக்கு மழை மண்ணில் கரைவது ஊரறிந்த செய்தி. 2015 ஜனவரி 31-இல் அதே ஊர்ச் சிப்காட் தொழிற்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றுத்தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது.

முட்டுக்காட்டுக்கு வந்து சேர்வது

இனி மாவட்டத்தின் இன்னொரு நீர்வழியைப் பார்க்கலாம். தாம்பரம், பல்லாவரம் பகுதிகளின் ஏரிகளும் கால்வாய்களும் பெரும்பாலும் பள்ளிக்கரணைச் சதுப்பில் வடிகின்றன. சதுப்பின் உபரி ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. 1806-இல் தொடங்கி, 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு ஆளைவைத்து நீட்டி, உப்பும் விறகும் படகில் போகவென்று வெட்டிய கால்வாய் அது. இன்று பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகளும் மென்பொருள் வளாகங்களும் அதன் கரைநெடுக நிற்கின்றன. கால்வாய் தெற்கே ஓடி முட்டுக்காடு முகத்துவாரத்தை அடைகிறது. அங்கிருந்து கோவளத்தில் கடல்.

அந்த முகத்துவாரத்தின் அருகில்தான் கோவளம் கடற்கரை. 2021-இல் டென்மார்க் அமைப்பு ஒன்றின் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. தமிழ்நாட்டில் அதை முதலில் பெற்றது இதுதான். மணல் சுத்தம், கழிப்பறை சுத்தம், மூங்கில் குடை அழகு. குளிக்கத் தகுந்த கடல்நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிபார்ம் கிருமி 100-க்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். கொடிக்குக் கீழே அந்த அளவைக் காத்துக்கொள்ளலாம். வடக்கே முகத்துவாரம் திறந்து கால்வாய் நீர் கலக்கும் நாட்களில் அலைக்கு எல்லை போட யாரால் முடியும்?

ஆலைக் கழிவுக்கும் சாக்கடைக்கும் காட்டப்படும் பாரபட்சம் இங்கேதான் துலங்குகிறது. சட்டப்படி, சுத்திகரிக்காத சாக்கடையைக் கால்வாயில் விடும் நகராட்சியும் இசைவாணை இல்லாத ஆலையும் ஒரே 25-ஆவது பிரிவின் கீழ்தான் வருகிறார்கள். ஆலைக்கு நோட்டீஸ் போகும், மின்சாரம் துண்டிக்கப்படும். நகராட்சியின் மின்சாரத்தைத் துண்டித்தால் தெருவிளக்குதான் அணையும். எந்த அதிகாரி அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுவார்? வாரியமும் அரசு, நகராட்சியும் அரசு. 48-ஆவது பிரிவு, அரசுத் துறை குற்றம் செய்தால் துறைத் தலைவரே குற்றவாளியாகக் கருதப்படுவார் என்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது.

காசு இல்லை என்பது நகராட்சிகளின் வழக்கமான பதில். அதற்கு 1980-லேயே விடை சொல்லியாகிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி, திறந்த சாக்கடைக்கு வடிகால் கட்டப் பணமில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை வந்தபோது, நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. மக்களின் சுகாதாரமும் கண்ணியமும் பணப்பற்றாக்குறையைக் காட்டித் தட்டிக்கழிக்கக்கூடியவை அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2017 பிப்ரவரியில் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்ளாட்சிகள் மூன்று ஆண்டுகளில் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தாக வேண்டும் என்று கெடு வைத்தது. அந்தக் கெடு முடிந்த மறு ஆண்டு, 2021-இல், மத்திய வாரியம் வெளியிட்ட கணக்கு இது: இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர், அதில் உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர். நூற்றுக்கு இருபத்தெட்டு. மிச்சம் எழுபத்திரண்டு ஏதோ ஒரு ஏரியையோ ஆற்றையோ கடலையோ தேடிப் போகிறது.

செங்கல்பட்டு நகரத்தில் அது தேடிப்போனது கொளவாய் ஏரியை. சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்கள் பரனூரைத் தாண்டியதும் இடப்பக்கம் கண்ணை நிறைக்கிற ஏரி. கோடையிலும் வற்றாதது என்று பேர்பெற்றது. வற்றாததற்கு நகரத்தின் சாக்கடையும் ஒரு காரணம் என்பதைப் பெருமையோடு சொல்ல முடியாது. பல கோடி ரூபாயில் தூர்வாரல், கரை பலப்படுத்தல் என்று அண்மையில் வேலைகள் நடந்தன. ஏரியின் உபரி நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றை நோக்கிப் போகிறது. ஊரின் கழிவுநீர் ஏரியில் விழுவது நிற்காமல் கரையில் நடைபாதை போட்டு என்ன பயன் என்று கேட்பது குதர்க்கமாகாது.

மாமல்லபுரத்துக்கு வந்தால் இது இன்னும் நுட்பமான சிக்கல். 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஊர். பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல்திட்டில் விடுதிகளும் உணவகங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. கடலோர மணலில் மழைநீர் நன்னீராகத் தங்கி உப்புநீர்மேல் மிதந்து நிற்கும். ஊர்க் கிணறுகளும் விடுதிகளின் ஆழ்துளைகளும் அதைத்தான் உறிஞ்சுகின்றன. அதே மணலில்தான் கழிவுத்தொட்டிகளும் கசிகின்றன. நிரம்பினால் கழிவுநீர் லாரி வரும். எடுத்துக்கொண்டு போகும் லாரி எங்கே கொட்டுகிறது என்பதை இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களின் மூக்குக்குத் தெரியும்.

கடல் விஷயத்தில் விதிகளே கொஞ்சம் தாராளமானவை. கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைக் குடிக்கும் என்பதைக் காட்டும் பி.ஓ.டி. அளவு, ஆற்றிலோ ஏரியிலோ விடும் ஆலைக் கழிவுநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம். கடலில் விட்டால் 100 வரை போகலாம். கடல் பெரியது, கரைத்துக்கொள்ளும் என்ற கணக்கு. நடுக்கடலுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். நண்டும் இறாலும் குஞ்சு பொரிக்கும் முகத்துவாரத்துக்கும் கரைவலைக்காரர்கள் நிற்கும் ஆழமற்ற கடலுக்கும் அது பொருந்தாது. நெம்மேலியில் 2013-இல் நாளைக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவோடு வந்த கடல்நீர் ஆலையை அடுத்து, 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலையும் 2024-இல் திறந்தாகிவிட்டது. பேரூரில் இன்னும் பெரியது எழும்புகிறது. சென்னையின் தாகத்துக்கு அவை வேண்டும், வாதமில்லை. வெளியேறும் அடர் உப்புநீர் விழுவதும் இதே கரையோரம்தான்.

1981 நவம்பரில் இந்திரா காந்தி கடலோர முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதம் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானம் வேண்டாம் என்றது. அதன் வாரிசாக 1991 பிப்ரவரி 19-இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்து, சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடுவதைத் தடை செய்தது. 2011-லும் 2019-லும் அது புதிதாக எழுதப்பட்டபோது கட்டடங்களுக்கான தூரம் பல இடங்களில் சுருங்கியது. கழிவுக்கான தடை மட்டும் எழுத்தில் அப்படியே இருக்கிறது.

பழைய பத்தாயிரம்

2024 பிப்ரவரியில் தண்ணீர் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனை போய்ப் பண அபராதம் வந்தது. 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை. சிறைத் தண்டனை காகிதத்தில்தானே இருந்தது, விரைவாக வசூலாகும் அபராதம் மேல் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் குறைந்தபட்சத் தொகையைக் கவனியுங்கள். 1996-இல் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத் தோல் ஆலைகள் கட்டிய அதே 10,000. அன்று அந்தப் பணத்துக்குக் கிடைத்த பொருள் இன்று அதில் கிடைக்குமா? அரசுத் துறை தப்பு செய்தால் துறைத் தலைவர் தன் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைக் கட்டினால் போதும் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. இமாச்சலம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களில் முதலில் நடைமுறைக்கு வந்த இந்தத் திருத்தத்தை மற்ற மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்கலாம். 252-ஆவது பிரிவின் பக்கவாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

எதிர்த்திசையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 ஆகஸ்ட் 4-இல் உச்ச நீதிமன்றம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் 33-ஏ பிரிவின் கீழ் கெடுத்த சூழலைச் சீராக்குவதற்கான இழப்பீட்டைத் தாங்களே விதித்து வசூலிக்கலாம் என்று உறுதிசெய்தது. இனி, அதிகாரம் இல்லை என்று வாரியம் கைவிரிக்க முடியாது. அந்த அதிகாரம் முதலில் திரும்ப வேண்டிய இடம் நகராட்சி, பேரூராட்சிகளின் சாக்கடை வாய்கள். ஆலைகளை வாரியத்துக்கு ஏற்கெனவே தெரியும்.

வாசகர்களுக்கு ஒன்று. 1988 திருத்தம் இன்னொரு கதவையும் திறந்துவைத்தது. அதைத் தட்டுபவர்கள் குறைவு. 49-ஆவது பிரிவின்படி, குற்றத்தைக் குறிப்பிட்டு, புகார் செய்யப்போவதாக வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால், எந்தக் குடிமகனும் நேரே நீதிமன்றத்தில் புகார் தொடுக்கலாம். அதற்கு வேண்டிய ஆய்வறிக்கைகளைக் கேட்டால், பொதுநலனுக்கு எதிரானவை என்று கருதினாலன்றி, வாரியம் தந்தாக வேண்டும். கொளவாய்க் கரையிலோ முட்டுக்காட்டிலோ மாமல்லபுரத்திலோ சாக்கடை எந்த இடத்தில் நீரில் இறங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். நாள், நேரம், இடம் மூன்றையும் குறித்து, புகைப்படத்தோடு பதிவுத் தபாலில் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அறுபது நாள் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.